பொலிஸ் எனக்குப் போட்ட கதிரை

சம்பள இரவுகளில் என்னை ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் சந்தியில் உட்காரவைத்தால் குடிகாரர்களை அடக்கலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் பகுதிப் பொலிஸ் இன்ஸ்பெக்டர். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதல் மாதம் சிரிப்பாகத்தான் இருந்தது.

எஹலியகொடைக்கும் குருவிட்டவுக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வரும் சந்தி அது. பதினொரு கடைகள், ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு அரச மரம். சந்திக்குக் கீழே பாலம் தாண்டினால் தவறணை. சந்திக்கு மேலே ஏறினால் எங்கள் ரப்பர் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கிற ஏழு லயம். தவறணையில் குடித்தவர் லயத்துக்குப் போக வேண்டுமானால் சந்தியைக் கடந்துதான் போக வேண்டும். அப்படித்தான் பொலிசும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

அந்தத் தோட்டத்தில் முப்பத்து நாலு வருடம் கிளாக்கராக இருந்தேன். ஓய்வுபெற்றுப் பதினொரு வருடமாகிறது. தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வந்தால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு ‘பேர்’ விழும். பிந்தி வந்தாலோ, இறக்கின ரப்பர் பால் குறைந்தாலோ அரைப் பேர். அரைப் பேர் என்றால் அரை நாள் உழைப்பு காற்றில் போனது மாதிரி. ஆளைப் பிடித்துச் சொல்வது கங்காணி, தீர்மானிப்பது துரை. ஆனால் பேனா என் கையில் இருந்ததால் ஆட்களுக்கு என்மேல்தான் பயம். எண்ணுவது அன்று தொழில், இன்று வியாதி. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கோவிலில் தீபம் காட்டும்போது திரிகளை எண்ணுவேன். “சோத்துப் பருக்கையையாவது விட்டு வைங்கப்பா,” என்பாள் என் மகள்.

மகளோடும் மருமகனோடும்தான் இருக்கிறேன். ஏழு பேர்ச் காணியில் கட்டின வீடு. மருமகன் தோட்டத்துப் பால் லொறி ஓட்டினார். மலை மலையாகப் போய் ரப்பர் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகிற லொறி. லொறியைத் தொடுகிற நாளில் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சம்பள இரவு மட்டும் வேறு ஆள். அடிக்கிற ஆளில்லை, பேசுகிற ஆள். பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கில் ஏறி நின்று, தோட்டத்தில் நடக்கிற அநியாயங்களையெல்லாம் தமிழில் சொல்வார். கடைக்காரர்களுக்கும் விளங்க வேண்டுமென்று பிறகு அதையே சிங்களத்திலும் சொல்வார். இரண்டு முறை பொலிஸ் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. இரண்டாம் முறை நீதவான், இனி வந்தால் தண்டப்பணத்தோடு விட மாட்டேன், சிறைதான் என்று சொல்லி அனுப்பினார். தோட்டத்துத் துரையும் கூப்பிட்டு, இன்னொரு முறை உள்ளே போனால் லொறிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார். அதற்குப் பிறகு சம்பள இரவுகளில் என் மகள் வாசல் விளக்கை எரியவிட்டு விழித்திருப்பாள். நான் உள்ளே படுத்துக்கொண்டு ஜீப் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலத்தில்தான் இந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தார். தெற்குப் பக்கத்துச் சிங்களவர், நாற்பது வயதிருக்கும். முந்தியவர் செய்தது எல்லாப் பொலிசும் செய்வதுதான். பொல்லால் இரண்டு போட்டு, ஜீப்பில் அள்ளி, அடுத்த நாள் நீதிமன்றம். புதியவர் பழைய வழக்குகளைப் பார்த்துவிட்டு, மாதா மாதம் அதே ஆட்கள்தானே வருகிறார்கள், எண்ணிக்கை குறையவே இல்லையே என்று கேட்டாராம். எண்ணிக்கை பார்க்கிற பொலிஸ்காரர் என்று கேள்விப்பட்டதுமே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

அவர் முதலில் பிடித்தது கித்துள் கருப்பட்டி. இரண்டு கான்ஸ்டபிள்கள் சந்தியில் நின்று, தள்ளாடி வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை பிளேன்டியும் ஒரு பெரிய துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார்கள். வாயில் கருப்பட்டி இருக்கிறவரை ஒருவரால் கத்த முடியாது என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. கணக்குச் சரிதான், அன்று சந்தி அமைதியாக இருந்தது. அடுத்த மாதம் குடிக்காதவர்களும் தள்ளாடிக்கொண்டு வந்து கை நீட்டினார்கள். தவறணைக்கு இறங்குகிறவர்கள் போகும்போதே வாங்கி, குடிக்கும்போது கடித்துக்கொள்ள மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் மனைவிமாருக்குப் போன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வந்தார்கள். இடுப்பில் பிள்ளைகளோடு வந்து, கல்யாணமான நாள்முதல் மனதில் கிடந்ததையெல்லாம் நடுச்சந்தியில் வைத்துக் கேட்டார்கள். ஆம்பிளைகள் மட்டும் கத்தினதே பரவாயில்லை என்று கடைக்காரர்கள் மேலிடத்துக்கு மனு அனுப்பினார்கள்.

மூன்றாவது வழி என்னால் அகப்பட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக் முடித்து வருகிற வழியில் பஸ் பழுதாகி, ஒரு சம்பள இரவில் நேரங்கெட்ட நேரத்தில் சந்தியில் இறங்கினேன். பதினேழு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்திருந்தார்கள். ஜீப் கொஞ்சம் தள்ளி நின்றது. எனக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், ஆகவே குடையை ஊன்றிக்கொண்டு அவர்கள் நடுவால் நடந்தேன். சத்தம் நின்றது. பெரியவர்கள் முன்னால் சாரத்தை மடித்துக் கட்டி நிற்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. பதினேழு பேரும் மடிப்பை அவிழ்த்து, சாரத்தைக் கணுக்கால்வரை இறக்கினார்கள். சட்டையைப் பிடித்திருந்தவர் ஒரு கையால் பிடியை விடாமல் மறு கையால் இறக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “காலையில பெரட்டுக்கு மொத ஆளா நிப்பேங்க ஐயா. அரப் பேர் மட்டும் போட்றாதீங்க,” என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். நான் செக்ரோலைத் தொட்டு எத்தனை வருடமென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் குடித்திருந்த சாராயத்துக்குத்தான் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மகளுக்கு முகம் செத்துப்போனது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேச வேண்டியதுகூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எனக்குச் சிங்களம் தாய்ப்பாஷை மாதிரித்தான் வரும். ஆனாலும் அன்று வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் கேட்டேன், ஏற்கெனவே வழக்கு உள்ள ஆள் சத்தமில்லாமல் கடந்து போனால் என்ன செய்வீர்கள் என்று.

“மாத்தையா, உங்களைக் கடந்து சத்தமில்லாமல் போகிற ஆளை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத ஆளுக்கு வழக்கு இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டு உள் அறைக் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் என் மருமகன் நின்றிருந்தார். நான் சம்மதித்தேன்.

கதிரையைத் தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில், மின்கம்ப வெளிச்சம் என் முகத்தில் விழும்படி போட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் அரச மரத்து நிழலில் மறைந்து நின்றார். முதல் இரவு நாற்பத்தொரு பேர் என்னைக் கடந்தார்கள். பாலத்தைத் தாண்டும்போது பாட்டுக் கேட்கும். வளைவு திரும்பி என்னைக் கண்டதும் பாட்டு பாதியில் அறுந்துபோகும், சாரங்கள் இறங்கும். கால்சட்டை போட்ட ஒருவர் எதை இறக்குவதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். ஒருவர் என் முன்னால் நின்று, என் காலத்தில் பாலில் தண்ணீர் கலந்து ஊற்றினதைத் தானாகவே சொன்னார். எத்தனை வாளி என்று கேட்டேன், பழக்கதோஷம். “அதெல்லாம் நீங்கதாங்க எண்ணணும்,” என்றார்.

கடைசி ஆளாக மருமகன் வந்தார். வளைவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிறைகுடத்தைத் தூக்கி வருகிறவரைப் போல ஒவ்வோர் அடியாக வைத்து, தரையைப் பார்த்தபடி என்னைக் கடந்தார். நானும் அந்த நேரம் எதிர்க் கடைப் பலகையில் உள்ள எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கில் ஏறவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள். அடுத்த நாள் மருமகன் எனக்கு முன்னால் சாப்பிட உட்காராமல், தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். திருந்துகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் மாதம் இருபத்தாறு பேர்தான் வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சந்தியிலிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர்கள் முறை வைத்துப் பால் தேத்தண்ணி கொடுத்தார்கள். என் முதுகுதான் வலித்தது.

மூன்றாம் மாதம், இறங்குகிறவர்களையும் எண்ணலாம் என்று, பொழுது சாயுமுன்னே போய் உட்கார்ந்தேன். காலையில் மலைக்கு ஏறின ஆட்களும் பாலை நிறுக்க இறங்கி வந்த ஆட்களும் ஒத்துப்போகாவிட்டால் கிளாக்கருக்குத் தூக்கம் வராது. தவறணைப் பக்கம் இறங்கினவர்கள் நாற்பத்து நாலு பேர். இரவு திரும்பி ஏறினவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு மூன்று பேர் குறைந்தால் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு பேர் எங்கே போவார்கள்? என் மருமகனும் வரவில்லை. பயந்துகொண்டு வீட்டுக்குப் போனால், அவர் எனக்கு முன்பே வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கொடியில் அவருடைய சாரம் தொங்கியது. முழங்கால் உயரத்துக்குச் சேறு.

தேத்தண்ணிக் கடை முதலாளிதான் சொன்னார். என் வயதுக்காரர், சிங்களவர், எதையும் கேலியாகத்தான் சொல்வார். தவறணைக்குப் பின்னால் ஓயா என்கிற சிற்றாற்றின் கரையோரம் ஒரு பாதை இருக்கிறது, பழைய மாணிக்கக் குழிகளுக்கு நடுவால் வந்து தோட்டத்தின் கடைசி லயத்துப் பக்கம் ஏறும், இப்போது எல்லோரும் அந்த வழிதான் என்றார். ஏன் என்று கேட்டேன்.

“நீங்கள் இப்படி நீதவான் மாதிரி உட்கார்ந்திருந்தால், நான் குடித்தாலும் அந்தப் பக்கமாகத்தான் போவேன்.”

மறுநாள் பகலில் போய்ப் பார்த்தேன். ஒரு காலத்தில் வயலாக இருந்து, கல்லுக்காகத் தோண்டி, கல் தீர்ந்ததும் மூடாமல் விட்டுப்போன நிலம். சதுரச் சதுரமான குழிகள். சுவர் சரியாமலிருக்க உள்ளே நிறுத்தியிருந்த மரச்சட்டங்கள் உக்கிச் சாய்ந்து கிடந்தன. மழைத் தண்ணீர் நின்று, மேலே பச்சையாகப் பாசி படர்ந்து, எது தரை எது தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் புதர். ஓரிடத்தில் இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு பாய் அகலத்தில் மண் இருந்தது. அதில்தான் எல்லாக் கால் தடங்களும். நல்ல வெயிலில், குடிக்காமல், குடையையும் ஊன்றிக்கொண்டு அதில் கால் வைக்க என்னால் முடியவில்லை.

அங்கிருந்து நேராகப் பொலிசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கெட்ட மனிதரில்லை, முகம் வாடித்தான் போனது. அந்தக் காணி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இடையில் வழக்கில் கிடக்கிறது, உள்ளே போய் வேலி போடக்கூட முடியாது, பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறேன் என்றார். அப்படியானால் நான் கதிரையை விட்டுவிடுகிறேன் என்றேன். கடைக்காரர்கள் மனு மேலே இருக்கிறது, சந்தியில் மறுபடி சத்தம் கேட்டால் பழைய மாதிரி அள்ளச் சொல்லித்தான் கட்டளை வரும், அள்ளினால் நான் ஆள் பார்த்து அள்ள முடியாது மாத்தையா என்றார். மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். எழுந்துபோனால் மருமகன் ஜீப்பில், உட்கார்ந்திருந்தால் மருமகன் குழிகளுக்கு நடுவில். பஸ்ஸுக்கு நின்ற நேரமெல்லாம் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதாக ஒன்று வரவில்லை.

ஒரு வழி இருந்தது, மருமகனிடம் நேராகச் சொல்வது. சந்தி வழியாகவே வாங்க, நான் பார்க்க மாட்டேன் என்று. ஆனால் மாமனும் மருமகனும் அதைப் பேச முடியுமா? எங்கள் வீட்டில் அவர் குடிப்பது என்பதே நடக்காத விஷயம். நடந்த மறுநாள்கூட, “ஒடம்புக்கு முடியலீங்க மாமா,” என்பார். “ஆமா, பனி,” என்பேன். ஆகவே மகளிடம் சொல்லி அனுப்பினேன். அவள் இரவு அவரிடம் பேசிவிட்டுக் காலையில் வந்தாள்.

“மாமா உக்காந்திருக்கிற எடத்துக்கு அந்தக் கோலத்துல எப்புடி வாறதுன்னு கேக்குறாருப்பா. மொத மாசம் வந்ததுக்கே ஒரு கெழம சோறு எறங்கலயாம்.”

“நா பாக்க மாட்டேன்னு சொல்லு.”

“பாக்காட்டியும் நீங்க அங்கதான இருக்கீங்க.”

நாலாம் மாதம் ஒரு யோசனை வந்தது. கதிரையைத் திருப்பி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கடைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இந்தச் செய்தி பரவினால் கூச்சம் குறைந்து சந்தி வழியாக வருவார்கள் என்று நம்பினேன். வந்த கொஞ்சப் பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? முதுகுப் பக்கமாகப் போனால் மரியாதையில்லை என்று, தடுமாறிக்கொண்டே கதிரையைச் சுற்றி வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து, என் முகத்துக்கு நேராகச் சாரத்தை இறக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் அந்த இடுக்கில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றார். கான்ஸ்டபிள் மரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் மாதச் சம்பளத்தன்று பின்னேரமே மழை பிடித்துவிட்டது. இறங்கினவர்கள் முப்பத்தெட்டு. சந்திக்குத் திரும்பினவர்கள் மூன்றே பேர். நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் விளக்கு எரிந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். மருமகன் வரவில்லை. போன் எடுத்தாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் சொன்னது. மறுபடி எடுத்தாள், மறுபடி மூன்று பாஷை. கடைசி லயத்தில் விசாரித்தோம். எல்லோரும் வந்துவிட்டார்கள், அண்ணன் பின்னால் வந்தார், கூடவே வருகிறார் என்று நினைத்தோம் என்றார்கள். எழுந்து வந்து தேடக்கூடிய நிலையில் அவர்களில் ஒருவரும் இல்லை.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சந்தியில் நின்ற கான்ஸ்டபிள் பாலம்வரை கூட வந்தார். அதற்கு மேல் பாம்பு இருக்கும் மாத்தையா என்று நின்றுவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பையன், தாய் தகப்பன் எங்கேயோ காத்திருப்பார்கள், நான் வற்புறுத்தவில்லை. ஓயாக் கரையால் போய், குழிகள் தொடங்குகிற இடத்தில் நின்றேன். மழையில் டோர்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. “மாப்ள…” என்று கூப்பிட்டேன். தவளைகள் சட்டென்று நின்றன. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கின. “மாப்ள, இருக்கீங்களா?” ஓயாச் சத்தம்தான். அந்தப் பாய் அகல மண்ணைத் தேடி ஓர் அடி வைத்தேன், கால் வழுக்கியது. ஒரு கித்துள் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் விழுந்தால் மகளுக்கு யார் என்ற எண்ணம் வந்தது. இன்னும் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டேன். எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

தவறணைத் தாழ்வாரத்தில் படுத்திருப்பார் என்று மகளிடம் சொன்னேன். தவறணை பூட்டி இருட்டாகக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

விடியும்போது மழை விட்டது. மரங்கள் காய்ந்தால் பால் வெட்டலாமா என்று பார்க்கக் கடைசி மலைப் பக்கம் வந்த இரண்டு பெண்கள், குழிப் பக்கம் முனகல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சளவு தண்ணீரில், உள்ளே சாய்ந்திருந்த மரச்சட்டம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அவர் நின்றிருந்தார். ஆட்களைக் கூட்டி, மூங்கிலும் கயிறும் போட்டுத் தூக்கினார்கள். வலது காலில் முழங்காலும் கணுக்காலும் உடைந்திருந்தன. கைவிரல்களில் எட்டில் நகமில்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள்தான் பேசினார். மகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் கட்டில் ஓரம் நின்று, போத்தலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்.

“நீங்க கூப்பிட்டது கேட்டுச்சுங்க மாமா.”

நான் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டேன்.

“டோர்ச்சு வெளிச்சமும் தெரிஞ்சுச்சு. கிட்டத்தான் நின்னீங்க.”

ஏன் சத்தம் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“சாரம் தண்ணியில போயிருச்சுங்க.”

அவ்வளவுதான். மகள் வந்ததும், டொக்டர் எப்போது வருவார் என்பதைப் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. என் குரல் கேட்டும் வாயை மூடிக்கொண்டு, விடியும்வரை தண்ணீரில் நிற்கலாம் என்று ஒரு மனிதர் தீர்மானித்திருக்கிறார். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும், அந்தப் பையன் கான்ஸ்டபிள் கூப்பிட்டிருந்தாலும், பதில் சொல்லியிருப்பார்.

இன்ஸ்பெக்டர் தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழக்கு ஒன்றும் எழுதவில்லை, மழையில் வழுக்கி விழுந்தார் என்று மட்டும்தான் பதிவு என்று என்னைத் தேற்றினார். நான் நன்றி சொன்னேன். டொக்டர், இனி கிளட்ச் மிதிக்க இந்தக் கால் உதவுமோ தெரியாது, உதவினாலும் ஒரு வருடமாகும் என்றிருந்தார். வலது காலால் கிளட்ச் மிதிப்பதில்லை ஐயா, அது பிரேக் என்று மருமகன் திருத்தினார். அது ஒன்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் அவர் சத்தமாகச் சொன்ன வார்த்தை. அடுத்த வாரம் துரை லொறியை வேறொருவருக்குக் கொடுத்தார். கோபத்தால் இல்லை, பால் காத்திருக்காது. நீதிமன்றத்துக்கும் போகவில்லை, சிறைக்கும் போகவில்லை, சாவி போய்விட்டது.

போகும்போது வராந்தாவில் வைத்து இன்ஸ்பெக்டர் புதிய யோசனை ஒன்றைச் சொன்னார். குழிப் பாதை தொடங்குகிற இடத்தில் இன்னொரு கதிரை போடலாம். ஓய்வுபெற்ற பெரிய கங்காணி ஒருவர் மூன்றாம் லயத்தில் இருக்கிறாரே, ஆட்கள் அவருக்குப் பயப்படுவார்கள் அல்லவா? அவருக்கு இப்போது கண் தெரியாது என்றேன்.

“அது அவர்களுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாதையையும் அடைத்தால் ஆட்கள் ஓயாவுக்குள்ளேயே இறங்கி நடப்பார்கள் என்று சொன்னேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். அப்படியானால் நான் என்னதான் செய்ய மாத்தையா என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

அடுத்த சம்பளத்தன்று நான் சட்டை போட்டுக்கொண்டு நின்றபோது மகள் குடையைத் தர மறுத்தாள். நீங்க போனதால்தான் இவ்வளவும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டிலில் இருந்து மருமகன்தான் பேசினார்.

“மாமா போகட்டும். போகாட்டி அவனுகள அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க. புள்ளகுட்டிக்காரனுக.”

போனேன். கதிரை அதே இடத்தில் இருந்தது. இறங்கினவர்கள் நாற்பத்தாறு பேர். நான்கு பேர் சாரத்தை இறக்கிவிட்டு என்னைக் கடந்து ஏறினார்கள். நாலாவது ஆள், “மாப்பிள்ளைக்குக் கால் எப்புடீங்க?” என்று விசாரித்தார். மற்றவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, நீங்கள் ஒரு தடவை குழிப் பக்கம் போய்ச் சத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். உங்கள் குரலைத்தானே அவர்களுக்குத் தெரியும், என்னை யாரென்றே தெரியாதே என்றார். அதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, சந்தி அமைதியாகத்தானே இருக்கிறது, மாத்தையா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அமைதியாகத்தான் இருந்தது. கடைகள் பூட்டியாகிவிட்டன. நாற்பத்திரண்டு பேர் இன்னும் வரவில்லை. கூப்பிடலாமென்றால் என் குரலுக்கு ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். எழுந்திருக்கவும் முடியாமல், ஓயாப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.